அரசாங்கத்துக்கு ஒரு மதம் வேண்டுமா?

சென்ற கார்த்திகை மாதத்தில் நம் சங்கத்தின் ஆண்டுச் சொற்போர் நடந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். "நாட்டுக்கென ஓர் அரசாங்க மதம் வேண்டும்" என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் 'வேண்டும்' என்ற கட்சி எனக்கு விழுந்தது. நான் பௌதிகம் படிப்பவன். மேடைக்கும் எனக்கும் வெகு தூரம். ஆயினும் பதினைந்து நாள் நூல் நிலையத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு போய், இந்த வடநாட்டுக் குளிரில் பல் கிட்டியபடியே பேசி, பரிசையும் வாங்கிவிட்டேன். பரிசு, வழக்கம்போல, ஓர் எவர்சில்வர் தம்ளர்.

அன்று நான் சொன்னவை மூன்று. முதலாவது, நடுநிலை என்பதே ஒரு கற்பனை. எந்த நாளில் விடுமுறை விடுவது, எந்த மாதத்தில் ஆண்டு பிறப்பது, கலியாணத்தை எப்படிச் செல்லுபடியாக்குவது, சாட்சிக் கூண்டில் ஏறியவன் எதன்மேல் சத்தியம் செய்வது என்று ஒவ்வொன்றிலும் அரசாங்கம் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துதான் தீர வேண்டும். மறைவாகச் சாய்வதைவிட வெளிப்படையாகச் சாய்வதே யோக்கியம் என்றேன். இரண்டாவது, இங்கிலாந்து. அங்கே அரசரே ஆங்கிலத் திருச்சபையின் தலைவர். பிரபுக்கள் சபையில் 26 பேராயர்கள் பதவி உரிமையால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் 2022-இல் ரிஷி சுனக் என்ற இந்து பிரதம மந்திரி ஆனார். 2023-இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழாவில் விவிலியப் பகுதியை வாசித்ததும் அவரே. யாருக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்டேன். கைதட்டல் எழுந்தது. மூன்றாவது, மதம் அரசின் கையில் இருந்தால் அதைத் திருத்துவது எளிது. டென்மார்க்கில் 1948-இலும், நார்வேயில் 1961-இலும் பெண்கள் குருமார் ஆனார்கள். ஸ்வீடனில் 1958-இல் அதற்குச் சட்டமே இயற்றினார்கள். அரசாங்கத் திருச்சபைகளாக இருந்ததால்தான் பாராளுமன்றம் அங்கே கை வைக்க முடிந்தது என்று முடித்தேன்.

விடுதிக்குத் திரும்பும்போது என் அறைத் தோழர் கூட வந்தார். காயல்பட்டினத்துக்காரர், ரசாயனத்தில் ஆராய்ச்சி செய்கிறார், எனக்கு நான்கு வயது மூத்தவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள். நானும் அப்படித்தான் அழைப்பேன். இந்தி பேசும் மாணவர்களுக்கு அந்தச் சொல் சிற்றப்பனைக் குறிப்பதால், இந்தச் சின்ன வயதுக்காரர் எனக்கு எப்படிச் சிற்றப்பனானார் என்று இன்றுவரை அவர்களுக்கு விளங்கவில்லை.

"நல்லாத்தான் பேசினீங்க தம்பி" என்றார். சிறிது தூரம் பேசாமல் நடந்தார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க கட்டின அந்த நாட்டுல நான் வீட்டுக்காரனா, விருந்தாளியா? விருந்தாளியை நல்லா கவனிப்பாங்க. அதை நான் கேட்கலை."

அன்று எனக்குப் பதில் வரவில்லை. அதன்பின் மூன்று மாதம், ஆய்வுக்கூடத்து வேலை போக மீந்த நேரத்தில், சொற்போருக்காக எடுத்த குறிப்புகளையே திரும்ப எடுத்துப் படித்தேன். ஒரு கட்சிக்காகப் படிக்கும்போது கண்ணில் படாதவை எத்தனையோ!

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அரசாங்க மதம் என்பது எல்லா நாட்டிலும் ஒரே பொருள் அன்று. டென்மார்க்கில் அரசியல் சட்டமே லூதரன் திருச்சபையை மக்கள் திருச்சபை என்று சொல்லி, அதை அரசு ஆதரிக்கும் என்கிறது. இலங்கையில் அரசாங்க மதம் என்ற சொல் இல்லை. ஆனால் 1972 முதல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் உண்டு. 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒன்பதாம் ஷரத்தும் அதையே சொல்கிறது. நேபாளம் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்து ராஜ்யமாக இருந்தது. 2006-இல் மதச்சார்பற்ற நாடு என்று அறிவித்துக்கொண்டது. ஆனால் 2015-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் மதச்சார்பின்மைக்கு எழுதியிருக்கும் விளக்கத்தில், தொன்றுதொட்டு வரும் மதத்தையும் பண்பாட்டையும் காப்பதும் அடங்கும். வங்காள தேசமோ 1972-இல் மதச்சார்பின்மையை அடிப்படைக் கொள்கையாகக் கொண்டது. 1977-இல் அதை நீக்கியது. 1988-இல் இஸ்லாத்தை அரசாங்க மதமாக்கியது. 2011-இல் மதச்சார்பின்மையைத் திரும்பக் கொண்டுவந்து இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்துக்கொண்டது. எனவே பெயர்ப் பலகையைப் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. உள்ளே போய், வாசலில் யாரை எப்படி நிறுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

நான் கைதட்டல் வாங்கிய இங்கிலாந்தையே எடுத்துக்கொள்வோம்.

எட்டாம் ஹென்றி 1534-இல் போப்பாண்டவரின் தலைமையை உதறிவிட்டுத் தம்மையே திருச்சபைக்குத் தலைவராக்கிக்கொண்டார். அந்த நாள் முதல் அரச விசுவாசமும் மத விசுவாசமும் ஒரே கயிறாக முறுக்கப்பட்டுவிட்டன. 1673-ஆம் ஆண்டின் சோதனைச் சட்டப்படி, அரசாங்கப் பதவி வேண்டுபவன் ஆங்கிலத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை வாங்க வேண்டும். அந்தச் சட்டம் 1828-இல்தான் நீங்கியது. கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் உட்கார 1829 வரையில் காத்திருந்தார்கள். யூதர் 1858 வரையில். இன்றைக்கும் கத்தோலிக்கர் ஒருவர் அந்த அரியணையில் அமர முடியாது. 1701-ஆம் ஆண்டுச் சட்டம் அது. கத்தோலிக்கரை மணந்துகொள்ளலாம் என்ற சலுகைக்கு 2013-இல்தான் சட்டம் வந்தது.

இவை பதவிகள், பெரிய மனிதர்களின் விவகாரம் என்று விட்டுவிடலாம். என்னைப் போன்ற மாணவனைத் தொடுவது வேறொன்று.

பௌதிகமோ கணிதமோ படிப்பவர் எவரும் 'மேட்ரிக்ஸ்' என்ற சொல்லைச் சொல்லாமல் ஒரு வாரத்தைக் கழிக்க முடியாது. அந்தச் சொல்லை 1850-இல் கணிதத்துக்குக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். யூதர். கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் படித்து, 1837-இல் கணிதத் தேர்வில் இரண்டாம் ராங்லராகத் தேறினார். அப்போது அவருக்கு வயது 22, அதாவது என்னைவிட ஒன்று குறைவு. ஆனால் பட்டம் தரவில்லை. பட்டம் வாங்க வேண்டுமானால் ஆங்கிலத் திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். அவர் இடவில்லை. கணிதத்தில் சிறந்த மாணவர்களுக்குக் கொடுக்கும் ஸ்மித் பரிசுக்கும் அவரால் போட்டியிட முடியவில்லை. 1841-இல் டப்ளினுக்குப் போய் அங்கே பட்டம் வாங்கிக்கொண்டார். பிழைப்புக்கு இன்ஷூரன்ஸ் கணக்குப் பார்த்தார், சட்டம் படித்தார். கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது 1872-இல், தேர்வு எழுதி 35 ஆண்டுகள் ஆனபின்!

சில்வெஸ்டரைப் பதினான்கு வயதில் லண்டனில் மாணவராகக் கொண்டவர் அகஸ்டஸ் டி மார்கன். தர்க்கத்திலும் கணக் கோட்பாட்டிலும் டி மார்கன் விதிகளை எழுதாத மாணவன் உண்டா? அவர் 1806-இல் நம் மதுரையில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தந்தை கம்பெனிப் பட்டாளத்து அதிகாரி. குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் யூதர் அல்லர். ஆங்கிலத் திருச்சபையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர். 1827-இல் நான்காம் ராங்லர். ஆயினும் எம்.ஏ. பட்டத்துக்கான கோட்பாட்டுச் சோதனையில் கையெழுத்திட அவர் மனம் ஒப்பவில்லை. எம்.ஏ. இல்லாமல் கல்லூரியில் உறுப்பினர் பதவி கிடையாது. ஆகவே கேம்பிரிட்ஜை விட்டு வந்து, மதச் சோதனை எதுவும் வைப்பதில்லை என்று புதிதாகத் தோன்றியிருந்த லண்டன் கல்லூரியில், 22 வயது நிறையுமுன்பே, கணிதப் பேராசிரியர் ஆனார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சில்வெஸ்டர் வேற்று மதத்தவர். டி மார்கனோ அந்த மதத்தவரே. வாசலில் வைத்த சோதனை இருவரையும் நிறுத்தியது. காக்காவின் கேள்வி வேற்று மதத்தவருக்கு மட்டும் உரியது என்றுதான் அன்றிரவு நான் நினைத்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது.

ந்யூமா ஹார்ட்டாக் என்ற மற்றொரு யூத இளைஞர் 1869-இல் முதல் ராங்லராகவே வந்தார். அதற்குள் பி.ஏ. பட்டத்துக்குக் கையெழுத்துத் தேவையில்லை என்று ஆகியிருந்தது. ஆனால் டிரினிட்டி கல்லூரியில் உறுப்பினராகச் சேர முடியவில்லை. பிரபுக்கள் சபையின் குழு முன் போய்ச் சாட்சி சொன்னார். 1871-இல் பல்கலைக் கழகச் சோதனைகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. அதே ஆண்டில், தம் 25-ஆம் வயதில், அவர் அம்மை கண்டு இறந்தார். அந்தச் சட்டம் வந்து 47 ஆண்டுகளுக்குப் பிறகு, 1918-இல், கும்பகோணத்தில் வளர்ந்த வைணவர் ஒருவர் அதே டிரினிட்டி கல்லூரியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சீனிவாச ராமானுஜனிடம் எவரும் 39 கோட்பாடுகளை நீட்டவில்லை.

ஆகவே சொற்போரில் நான் காட்டிய இனிய இங்கிலாந்து, அரசாங்க மதத்தால் இனிமையானது அன்று. அந்த மதத்துக்கு இருந்த பற்களை ஒவ்வொன்றாக, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிடுங்கியதால் இனிமையானது. பல் போன புலியைக் காட்டிப் புலி சாதுவான பிராணி என்று வாதிட்டிருக்கிறேன்! நடுவர்களும் அதைக் கவனிக்கவில்லை.

நார்வேயும் அப்படியே. அங்கே 1814-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், லூதரன் மதத்தை அரசாங்க மதமாக்கிய கையோடு, யூதர்களும் இயேசு சபைத் துறவிகளும் நாட்டுக்குள் வரவே கூடாது என்றும் எழுதியது. யூதர்களுக்கு 1851-இல் கதவு திறந்தது. இயேசு சபையாருக்கு 1956-இல். மந்திரி சபையில் பாதிக்கு மேற்பட்டவர் அரசாங்க மதத்தவராக இருக்க வேண்டும் என்ற விதி 2012 வரையில் இருந்தது. அந்த ஆண்டுதான் அரசாங்க மதத்தையே விலக்கினார்கள். 2017 முதல் திருச்சபை தனி அமைப்பு. ஸ்வீடன் 2000-ஆம் ஆண்டிலேயே பிரித்துவிட்டது. பெண் குருமாரைப் பற்றி மேடையில் முழங்கியபோது இந்தப் பிரிவினையை நான் சொல்லவில்லை. தெரிந்தேதான் விட்டேன்; சொற்போரில் அது தர்மம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இவற்றையெல்லாம் காக்காவிடம் சொன்னேன். அவர் மேசையின் மேல் இருந்த ஒரு புத்தகத்தை எடுத்துப் போட்டார். அப்துஸ் ஸலாமைப் பற்றியது.

ஸலாமைப் பௌதிக மாணவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மின்காந்த விசையும், அணுக்கருவில் பீட்டாச் சிதைவுக்குக் காரணமான மென்விசையும் அடிப்படையில் ஒன்றே என்று காட்டியதற்காக, கிளாஷோ, வெய்ன்பர்க் ஆகியோருடன் 1979-இல் நோபல் பரிசு பெற்றவர். 1926-இல் பிறந்து, இன்று பாகிஸ்தானில் உள்ள ஜங் என்ற ஊரில் வளர்ந்தவர். அவர் கேம்பிரிட்ஜில் படித்த கல்லூரி எது தெரியுமா? செயின்ட் ஜான்ஸ். சில்வெஸ்டருக்குப் பட்டம் கிடைக்காத அதே கல்லூரி. சில்வெஸ்டருக்கு எட்டாத ஸ்மித் பரிசை ஸலாம் 1950-இல் பெற்றார். அடுத்த ஆண்டே அக்கல்லூரியின் உறுப்பினரும் ஆனார். முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று கேள்வி எழவில்லை.

கேள்வி எழுந்தது சொந்த நாட்டில். ஸலாம் அஹ்மதியா பிரிவைச் சேர்ந்தவர். 1951-இல் லாகூருக்குத் திரும்பிக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1953-இல் அஹ்மதியருக்கு எதிராக லாகூரில் பெருங்கலகம் மூண்டு, ராணுவச் சட்டம் பிறப்பிக்கும் அளவுக்குப் போயிற்று. 1954-இல் அவர் மீண்டும் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் கலகத்தை விசாரிக்க நீதிபதி முனீர் தலைமையில் ஒரு விசாரணை மன்றம் அமைந்தது. நீதிபதி கயானி மற்றோர் உறுப்பினர். 1954-இல் வெளிவந்த அதன் அறிக்கை எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்று. அஹ்மதியர் முஸ்லிம்கள் அல்லர் என்று அரசாங்கம் அறிவிக்க வேண்டும் என்பது கிளர்ச்சிக்காரர்களின் கோரிக்கை. அப்படியானால் முஸ்லிம் என்பவர் யார் என்று நீதிபதிகள் உலமாக்களை ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எந்த இருவரின் விடையும் ஒத்துப் போகவில்லை. ஒருவருடைய இலக்கணத்தை ஏற்றால் மற்றவர்கள் மதத்துக்கு வெளியே நிற்க வேண்டி வரும் என்று அறிக்கை எடுத்துக்காட்டியது. இதை எழுதியவர்கள் முஸ்லிம் நீதிபதிகளே என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு நடந்தது சுருக்கம். 1973-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இஸ்லாத்தைப் பாகிஸ்தானின் அரசாங்க மதம் என்றது. மறு ஆண்டு செப்டம்பரில் பாராளுமன்றம் கூடி, அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தால், அஹ்மதியர் சட்டத்தின் கண்ணில் முஸ்லிம்கள் அல்லர் என்று தீர்மானித்தது. அதுவரை ஜனாதிபதியின் தலைமை விஞ்ஞான ஆலோசகராக இருந்த ஸலாம் அப்பதவியைத் துறந்தார். பாகிஸ்தான் குடியுரிமையை மட்டும் கடைசி வரையில் விடவில்லை. 1996-இல் இறந்தபோது ரப்வாவில் அடக்கம் செய்தார்கள். முதல் முஸ்லிம் நோபல் விஞ்ஞானி என்று கல்லில் பொறித்திருந்தது. 'முஸ்லிம்' என்ற சொல்லைப் பிறகு பூசி மறைத்துவிட்டார்கள். முதல் நோபல் விஞ்ஞானி என்று பொருளற்ற வாசகமாக அந்தக் கல் நிற்கிறது.

"நம்ம மதத்தையே அரசாங்க மதமாக வச்சிருக்கிற நாட்டுல பிறந்திருந்தாலும் நான் வீட்டுக்காரன்னு உறுதி இல்லை, பார்த்தீங்களா" என்றார் காக்கா.

இது ஏதோ ஒரு மதத்துக்கு மட்டும் உரிய கோளாறு அன்று என்பதற்காகத்தான் இங்கிலாந்தை முதலில் சொன்னேன். அரசாங்கம் ஒரு மதத்தைத் தன்னுடையது என்று சொன்ன மறுகணமே, அந்த மதத்தில் யார் சேர்த்தி என்று எங்கோ ஒரு மேசையில் ஒரு குமாஸ்தா தீர்மானித்தாக வேண்டும். கோவிலும் பள்ளிவாசலும் அதை ஒருபோதும் முடிவாகத் தீர்மானித்ததில்லை. வாதாடிக்கொண்டே ஒன்றாக இருந்துவிடுகின்றன. அரசாங்கத்தின் படிவத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்களே உண்டு.

என் சொந்த ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் நாகர்கோவில்காரன். 1956 நவம்பர் முதல் தேதி வரையில் எங்கள் ஊர் தமிழ்நாட்டைச் சேர்ந்ததன்று. அதற்கு முன்னே திருவிதாங்கூர் சமஸ்தானம். 1750-இல் மார்த்தாண்ட வர்மா அந்த ராஜ்யம் முழுவதையும் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணம் செய்து, தாமும் தம் சந்ததியாரும் பத்மநாப தாசர்களாக இருந்து ஆள்வதாகச் சங்கற்பம் செய்துகொண்டார். இதைவிட உறுதியான அரசாங்க மதம் எங்கே உண்டு? நாடே சுவாமியின் சொத்து! அந்த நாட்டில் என் பூட்டனார் இந்துவாகப் பிறந்தார். ஆனால் சுசீந்திரம் கோயிலுக்குள் அவர் போக முடியாது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே 1926-இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. நாட்டை வைத்திருக்கும் தெய்வமே அவரை வாசலில் நிறுத்தியது என்று சொன்னால் தெய்வத்துக்கு அபசாரம். நிறுத்தியது சர்க்கார்.

ஆனால் நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1936 நவம்பர் 12-இல் மகாராஜா ஒரே பிரகடனத்தால் தம் ஆட்சியிலிருந்த கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்டார். மதம் அரசின் கையில் இருந்ததால்தான் அத்தனை கோயில்களும் ஒரு கையெழுத்தில் திறந்தன. என் மூன்றாவது வாதம் இங்கே உயிரோடுதான் இருக்கிறது; அதை நான் கொன்றுவிட்டதாகப் பாவனை செய்ய விரும்பவில்லை. ஒரு கையெழுத்தில் திறக்க முடிந்த கதவை அத்தனை காலம் மூடி வைத்திருந்ததும் அதே கைதான் என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

அரசின் கை மதத்துக்கும் எப்போதும் சுகமானது அன்று. 1927-இல் ஆங்கிலத் திருச்சபை தன் பிரார்த்தனை நூலைத் திருத்தி அமைத்துப் பாராளுமன்றத்தின் அனுமதிக்கு அனுப்பியது. மக்கள் சபை நிராகரித்தது. சில மாற்றங்களோடு 1928-இல் திரும்ப அனுப்பினார்கள், திரும்பவும் நிராகரித்தது. அந்தத் திருச்சபையில் சேராத அங்கத்தினர்களும் அதில் வாக்களித்தார்கள். ஆண்டவனை எந்த வார்த்தையில் தொழுவது என்று பக்தர்கள் ஒரு முடிவுக்கு வந்தபின், அதை வாக்கெடுப்பில் தோற்கடிப்பது எவ்வளவு விபரீதம்! மதப்பற்று உள்ளவர்களே அரசாங்க மதத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

செலவு யாருடையது என்பதும் சிறிய கேள்வி அன்று. அயர்லாந்தில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். ஆனால் அரசாங்கத் திருச்சபை ஆங்கிலேயருடையது. கத்தோலிக்க உழவன் தான் நுழையாத கோவிலுக்குத் தசமபாகம் கட்டினான். 1869-இல் சட்டம் செய்து அந்தத் தொடர்பை அறுத்தார்கள். நம் நாட்டிலும் அது நடந்தது. 1813-ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கல்கத்தாவுக்கு ஒரு பேராயரையும் மூன்று ஆர்ச்டீக்கன்களையும் நியமித்து, சம்பளத்தை இந்திய வருமானத்திலிருந்து கொடுக்கச் சொன்னது. தஞ்சாவூர் மிராசுதாரும் தறிக்காரரும் கட்டிய வரியில் அதற்கும் ஒரு பங்கு.

சுதந்திர இந்தியாவின் அரசியல் நிர்ணய சபை இவற்றையெல்லாம் அறிந்தவர்களின் சபை. நாட்டின் பிரிவினையில் லட்சக்கணக்கானோர் மடிந்த சூடு ஆறாத காலம். பக்கத்து நாடு 1949 மார்ச்சில் குறிக்கோள் தீர்மானத்தை நிறைவேற்றி மதத்தின் பக்கம் திரும்பிவிட்டது. நாமும் திரும்பியிருக்கலாம், தடுப்பார் இல்லை. 1949 அக்டோபர் 17-இல் முகவுரையைப் பற்றிய விவாதம் வந்தபோது, "கடவுளின் பெயரால்" என்று அதைத் தொடங்க வேண்டும் என எச். வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். எந்த மதத்தின் கடவுள் என்றுகூட அவர் சொல்லவில்லை. பட்டம் தாணு பிள்ளை எழுந்து, தாம் கடவுள் நம்பிக்கை உடையவரே என்றும், ஆயினும் இது நம்பிக்கையில் கட்டாயம் செய்வதாகும் என்றும் எதிர்த்தார். பத்மநாபதாசர்கள் ஆண்ட திருவிதாங்கூரிலிருந்து வந்தவர் அவர்! ஒவ்வொருவரின் உள்ளத்தையும் தொடும் விஷயத்தில் கூட்டத்தின் கருத்தை எவர்மீதும் திணிக்கக் கூடாது என்ற வகையில் பண்டித குன்ஸ்ரு பேசினார். வாக்கெடுப்பில் திருத்தத்துக்கு 41 பேர். எதிராக 68 பேர். அந்த 68 பேரில் காலையில் பூஜை முடித்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 'மதச்சார்பற்ற' என்ற சொல்லைச் சட்டத்தில் சேர்க்க கே. டி. ஷா 1948-இல் முயன்றபோது அதே சபை ஏற்கவில்லை. முகவுரையில் அச்சொல் நுழைந்தது 1976-இல், நெருக்கடி நிலையின்போது. சொல் வந்த வேளை நல்ல வேளை அன்று. என் முதல் வாதமும் முற்றிலும் பொய்யில்லை. அரசாங்கம் தராசு முள்போல அசையாமல் நிற்க முடியாதுதான். ஆனால் ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருவது ஒன்று உண்டு. எந்தத் தராசிலும் பிழை இருக்கும். பிழை இருப்பதை அறிந்தவன் அதைக் குறைக்கப் பார்ப்பான். பிழையையே அளவு என்று குறித்து வைக்க மாட்டான். விடுமுறைப் பட்டியலில் ஒரு பண்டிகை கூடிவிட்டால் அடுத்த ஆண்டு கேட்டுச் சரிசெய்யலாம். அரசியல் சட்டத்தில் நீ இரண்டாமவன் என்று எழுதிவிட்டால், யாரிடம் போய், எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பது?

நடுநிலை என்ற பெயரிலேயே தவறு நடப்பதும் உண்டு. 1866-இல் டி மார்கன் இருந்த லண்டன் கல்லூரியில் தத்துவப் பேராசிரியர் பதவி ஒன்று காலியாயிற்று. ஜேம்ஸ் மார்ட்டினோ என்பவரைப் பரிந்துரைத்தார்கள். அவர் யூனிடேரியன் பிரிவின் போதகர். அப்படிப்பட்டவரை எடுத்தால் கல்லூரியின் நடுநிலைக்குக் கேடு என்று நிர்வாகக் குழு மறுத்துவிட்டது. மதத்தைக் கேட்க மாட்டோம் என்று தொடங்கிய கல்லூரி மதத்தைக் கேட்டு மறுத்துவிட்டதே என்று டி மார்கன் தம் பதவியை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 60. இளமையில் கையெழுத்து கேட்டதற்காக ஒரு கல்லூரியை விட்டார். முதுமையில் இதற்காக இன்னொன்றை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்துக் காக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி எழுதியிருந்தார். நம் அரசியல் சட்டத்தின் 290-ஏ ஷரத்துப்படி, திருவிதாங்கூரிலிருந்து வந்த கோயில்களுக்காக ஆண்டுதோறும் கேரள அரசு நாற்பத்தாறரை லட்சம் ரூபாயும், தமிழ்நாட்டு அரசு பதிமூன்றரை லட்சம் ரூபாயும் தேவஸ்வ நிதிக்குக் கொடுக்க வேண்டும். "உங்க ஊர்க் கோயில்களுக்குப் போற அந்தப் பணத்துல என் வாப்பா கட்டின வரியும் இருக்கே, அதை நிறுத்தச் சொல்வீங்களா?" என்பது கேள்வி.

கோயில் நிலங்களைச் சமஸ்தானம் எடுத்துக்கொண்டதற்கு அது ஈடு என்பார்கள். கடனைத் திருப்பித் தருவது வேறு, காணிக்கை போடுவது வேறு என்று நானும் சொன்னேன். சுசீந்திரத்தில் என் பாட்டி இன்னும் மார்கழித் திருவிழாவுக்குத் தவறாமல் போகிறாள் என்பதையும் சொன்னேன். அது விடையாகாது என்று எனக்கே பட்டது. காக்கா சிரித்தார்.

"அதையும் எழுதிடுங்க" என்றார். எழுதிவிட்டேன். பரிசாக வந்த தம்ளரில் இப்போது அவர்தான் தேநீர் குடிக்கிறார்.